ஒளிர்ந்தால் மட்டும் போதாது

டார்ச் விளக்கை உள்ளங்கையால் மூடினால் விரல் இடுக்குகளில் சிவப்பு வெளிச்சம் கசிவதைச் சிறுவர்களும் அறிவர். நீலமும் பச்சையும் ரத்தத்தில் தடைபட்டுவிட, சிவப்பு மட்டும் ஓரளவு ஊடுருவி வருகிறது. அதற்கு அடுத்துள்ள, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளி இன்னும் ஆழமாகச் செல்லும். இந்த ஒளியை உமிழும் நுண்துகள்களை உடலில் செலுத்தி, புற்றுநோய் பரவிய இடத்தை அறுவை மேஜையிலேயே டாக்டருக்குக் காட்டுவதுதான் விஞ்ஞானிகளின் முயற்சி.

இதன் பயன் சிறிதல்ல. கட்டியின் ஒரு துணுக்கு தங்கிவிட்டாலும் மறுபடி ஆபரேஷன் வேண்டியிருக்கும். தினக்கூலிக்காரருக்கும் குமாஸ்தாவுக்கும் அது மறுபடி சம்பளமில்லாத விடுப்பு, மறுபடி கடன்.

ஒளிரும் சாயம் புதிதல்ல. இண்டோசயனின் கிரீன் சாயத்துக்கு அமெரிக்கா 1959-லேயே அனுமதி அளித்தது. ஆனால் சில நிமிடங்களில் ஈரல் அதை ரத்தத்திலிருந்து அகற்றிவிடுகிறது. எனவே நானோ துகள்கள் நாடப்பட்டன. ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. 2004-இல் குவாண்டம் புள்ளிகள் எனும் துகள்கள், பன்றியின் உடலில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்திலிருந்த நிணநீர்க் கணுவைப் பளிச்செனக் காட்டின. குவாண்டம் புள்ளிகளைக் கண்டறிந்து உருவாக்கிய மூவருக்கு 2023-இல் நோபல் பரிசும் கிடைத்தது.

ஆயினும் அன்று பயன்பட்ட துகள்களில் காட்மியம் இருந்தது, அது நச்சு. ஒளிர்வது எவ்வளவு என்பதைவிட, வேலை முடிந்தபின் உடலைவிட்டு வெளியேறுமா என்பதே முதற்கேள்வியாக இருக்க வேண்டும்.

இந்தக் கேள்விக்கு மதிப்பளித்தவர்கள் கார்னெல் பல்கலைக்கழகத்தார். மணலின் மூலப்பொருளான சிலிக்காவில் சாயத்தைப் பொதிந்து, சிறுநீரகம் வடிகட்டக்கூடிய அளவுக்குத் துகளைச் சிறிதாக்கினர். 2011-இல் மனிதரிடம் சோதிக்க அனுமதி கிடைத்தது. ஐந்து நோயாளிகளுக்கு மிகச் சிறு அளவில் செலுத்தி, கதிரியக்க அயோடினின் துணையால் அதன் போக்கைக் கவனித்தனர். தீங்கு நேரவில்லை என்று 2014-இல் அறிவித்தனர்.

ஐந்து பேர் போதுமா? போதாது. நோயாளியின் குடும்பம் காத்திருக்க இயலாதே என்பார்கள். நியாயம்தான். ஆனால் அவசரத்தில் ஏற்றிய நச்சைத் திரும்ப எடுக்க வழியில்லை. தாமதத்துக்குப் பரிகாரம் அதிகப் பணமும் அதிகப் பரிசோதனையுமே தவிர, குறைந்த பரிசோதனை அல்ல. 'நானோ' என்று சீட்டு ஒட்டிய எதையும் வாங்குமுன் மக்களும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும்: உள்ளே போவது எப்போது வெளியே வரும்?