குளிசையும் சாப்பாடும்



கடந்த மாதம் ஓர் அம்மா, நீரிழிவுக் குளிசையைப் போட்டுவிட்டு, "பிள்ளையள் சாப்பிட்டு மிஞ்சினால் சாப்பிடுவம்" என்றிருந்தார். வியர்த்து, கை நடுங்கியது. சீனித் தண்ணீர் கொடுத்த பின்பே தேறினார்.

சதையியின் கலங்களில் பொட்டாசியம் அயன் செல்லும் நுண்ணிய வாயில்கள் உண்டு. சாப்பிட்டு இரத்தத்தில் சீனி கூடும்போது அவை மூடும். உடனே கல்சியம் உட்புகுந்து இன்சுலின் வெளிவரும். கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட் குளிசைகளும் அவ்வாயில்களையே மூடுகின்றன. வயிறு வெறுமையா என்று குளிசைக்குத் தெரியாது. சீனி ஆபத்தாக இறங்கிவிடும்.

ஆகவே இக்குளிசை போட்டால் சாப்பாட்டைத் தவறவிடாதீர்கள். நடுக்கம் வந்தால் உடனே 3, 4 தேக்கரண்டி சீனி கரைத்துக் குடியுங்கள். சாப்பாட்டுக்கு வழியில்லாத நாட்கள் இருந்தால், குளிசையை நீங்களாக நிறுத்தாமல், கிளினிக்கில் டொக்டரிடம் சொல்லுங்கள். அதைச் சொல்வதில் வெட்கமில்லை.