முதல் முன்பெருக்கி

பாட்டியின் தாலாட்டையோ தமது இசையையோ வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்ய விழையும் மாணவர் இன்று பலர். முதலில் எந்த முன்பெருக்கியை வாங்கலாம் என எம்மை வினவுவோரும் உளர். விலை மிக்கதே சிறந்ததென்பது அவர்தம் எண்ணம். அஃது எப்பொழுதும் உண்மையன்று.

ஒலிவாங்கி தரும் மின்குறிப்பு மிக மெலிது. பெரும்பாலும் சில மில்லிவோல்ற்று அளவினதே. அதனைப் பதிவுக்கேற்ப உயர்த்துவது முன்பெருக்கியின் தொழில். சூர் எஸ்.எம்.7பி என்னும் ஒலிவாங்கிக்கு 60 தெசிபெல் பெருக்கமேனும் வேண்டும். அஃதாவது மின்னழுத்தம் 1,000 மடங்காதல் வேண்டும். குரலோடு கருவியின் இரைச்சலும் உடன்பெருகும். பின்னர் அதனைக் களையப் புகின் குரலின் நுண்மையும் கெடும்.

ஆதலின் கையிலுள்ள ஒலிவாங்கியின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். மின்தேக்கி வகைக்குப் பொதுவாக 48 வோல்ற்று ஊட்டம் தேவை. பெருக்கம் குறைவாகவே போதும். இயங்குசுருள் வகைக்கோ மிக்க பெருக்கத்திலும் அமைதி குன்றாத கருவி வேண்டும். விபரப் பத்திரத்தில் உள்ளீட்டு இரைச்சல் −128 டி.பி.யு. எனக் காணின் நன்று. 150 ஓம் தடையின் இயற்கை இரைச்சலே ஏறத்தாழ −131 ஆகும். எத்துணைப் பொருள் கொடுப்பினும் அதற்கப்பால் அமைதி வாராது. கணினியோடு இணைக்கும் எளிய விலைக் கருவிகள் பலவும் இன்று இவ்வெல்லையை அணுகியுள்ளன.

எனவே, பெற்றோரின் பணத்தைப் பெயருக்காகச் செலவிடற்க. எஞ்சிய பணத்தில் தடித்த திரை வாங்கி அறையின் எதிரொலியை அடக்குக. பாட்டியின் குரல் மீண்டும் கிடைப்பதன்று. அதனைத் தூய்மையாகக் காப்பதே கருவியின் பயன்.