காலடி மண்ணை நம்பி



நடை என்றதும் எங்களில் பலருக்கு மூட்டை முடிச்சுத்தான் நினைவுக்கு வரும். கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை நடந்த கால்கள் எங்களுடையவை. மலை பார்ப்பதற்கென்று நடப்பது எங்கள் கணக்கிலேயே இருக்கவில்லை. ஆனாலும் 2024 ஆவணியில் எங்கள் மாதர் சங்கத்தைச் சேர்ந்த பதினொரு பேர் ஹட்டனுக்குப் போனோம். அவர்களில் இருவரின் பெற்றோர் 1977 கலவரத்தின்பின் இந்தத் தோட்டங்களை விட்டு வன்னிக்கு வந்தவர்கள்.

கொட்டகலையிலிருந்து நோர்வூட் பக்கமாகத் தேயிலை மலைகளூடே ஒரு நடைபாதை போகிறது. பெக்கோ ட்ரெயில் என்று பெயர். கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் இப்பாதை 300 கிலோமீற்றருக்கும் கூடியது. 22 பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். இது புதிதாக வெட்டிய பாதை அல்ல. வெள்ளைக்காரர் காலத்துத் தோட்டப் பாதைகளை இணைத்து உருவாக்கியது. நாங்கள் நடந்தது அதில் ஒரு சிறு துண்டுதான்.

வடக்கில் எங்கள் நிலம் வெடித்துக் கிடக்கும் மாதம் அது. அங்கேயோ தென்மேற்குப் பருவமழை விட்டு இரண்டே நாள். பாறை இடுக்கெல்லாம் தண்ணீர் வழிந்தது. வழிகாட்ட வந்தவர் முப்பது வருடம் கொழுந்து பறித்த ஒரு அம்மா. முதல் வேலையாக எங்கள் காலுறைகளில் ஈரச் சவர்க்காரத்தைத் தேய்த்துவிட்டார். அட்டை ஏறாதாம். எங்களுடன் வந்த முல்லைத்தீவு அக்காவுக்கு இடது முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். "எனக்கு அட்டைப் பயம் பாதிதான்" என்றார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

ஓரிடத்தில் பாதை முடிந்து புல்வெளி வந்தது. முன்னே போன அம்மா திரும்பிப் பார்த்துவிட்டு நின்றார்.

"ஏம்மா, இவ்ளோ எடம் இருக்கு, ஒருத்தர் காலடியிலயே ஒருத்தர் மிதிச்சு வாறீங்க?"

அப்போதுதான் கவனித்தோம். யாரும் சொல்லாமலே ஒற்றை வரிசையாகி, முன்னால் போகிறவரின் அடித்தடத்திலேயே கால் வைத்து வந்திருக்கிறோம். மிதிவெடிப் பழக்கம். முல்லைத்தீவு அக்காதான் விளக்கிச் சொன்னார். அந்த அம்மா அவருடைய காலைப் பார்த்தார். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.

பிறகு, "உங்களுக்கு மண்ணுக்குள்ள இருக்கிறது பயம். எங்களுக்கு மண்ணே பயம்" என்றார்.

கீழே தெரிந்த தன் லயத்தைக் காட்டினார். அதன் முதுகோடு ஒட்டியபடி செங்குத்தான மண்மேடு. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் இப்படியொரு மலைதான் சரிந்து லயங்களை மூடியது. அதன்பிறகு பெருமழை பெய்யும் இரவில் தாங்கள் ஒருவர் மாறி ஒருவர் விழித்திருப்பதாகச் சொன்னார். எதைப் பார்க்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு, சாயும் மரமும் மின்கம்பமும், திடீரெனக் கலங்கும் ஊற்று, இல்லாத இடத்தில் பீறிடும் தண்ணீர். 24 மணித்தியாலத்தில் மழை 150 மில்லிமீற்றரைத் தாண்டினால், மண்சரிவு அபாயமுள்ள இடத்தை விட்டு வெளியேறிவிட வேண்டும்.

இறக்கத்தில் அக்காவின் செயற்கைக் கால் வழுக்கியது. அம்மா அவருக்கு முன்னால் வந்து நின்று, "தோள்ல கைய வைங்க. காலைப் பக்கவாட்டுல வச்சு, தேயிலை தூர்ல முட்டுக் கொடுத்து எறங்குங்க. வேர் விடாது" என்றார். அப்படியே இருவரும் மெல்ல மெல்ல இறங்கினார்கள். பின்னால் வந்த எங்கள் வரிசையும் எப்போது கலைந்தது என்று தெரியவில்லை. கீழே வந்தபோது இரண்டு மூன்று பேராகக் கதைத்துக்கொண்டு நடந்தோம். வெறும் தேத்தண்ணீர் குடித்து, தொலைபேசி இலக்கங்களை மாற்றிக்கொண்டு பிரிந்தோம்.

அடுத்த ஆண்டு, 2025 நவம்பர் இறுதியில், டித்வா புயல் வந்தது. கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். எங்கள் பக்கமும் வெள்ளம். ஆனாலும் அக்கா நாளெல்லாம் அந்த இலக்கத்தையே அழுத்திக்கொண்டிருந்தார். நாலாம் நாள்தான் தொடர்பு கிடைத்தது.

"ஊத்து கலங்கி வந்துச்சும்மா. அன்னைக்கே புள்ளைகளக் கூட்டிக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டோம். ராத்திரி மேடு எறங்கி நாலு காம்பரா போச்சு. ஆளுக்கு ஒண்ணுமில்ல."

அக்கா தொலைபேசியை வைத்துவிட்டு அழுதார். பிறகு எழுந்து உலை வைக்கப் போனார்.

சகோதரிகளே, பயத்தை மறந்துவிடு என்று எங்களுக்குப் பலரும் புத்தி சொல்வார்கள். அந்த அம்மா தன் பயத்தை மறக்கவில்லை. ஊற்றுத் தண்ணீரைப் பார்க்கும் கண்ணாக அதை வைத்திருந்தார். அதனால்தான் பிள்ளைகள் பிழைத்தார்கள். நீங்களும் வருடத்தில் ஒரு தடவையாவது பத்துப் பேராகச் சேர்ந்து எங்காவது நடந்துவிட்டு வாருங்கள். அந்த இடத்து மண்ணை அறிந்த ஒரு பெண்ணை முன்னால் விட்டு நடங்கள்.

வற்றாப்பளைப் பொங்கலுக்கு வரும்படி அம்மாவைக் கேட்டிருக்கிறோம். மணலில் கால் புதையாமல் நடப்பதற்கு இம்முறை நாங்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.