கோப்பைக்கா, கூட்டுறவுக்கா?

ஜெராம் தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு ரோபோ எதற்கு என்று ஏளனம் செய்வோரும், கோப்பையே குறியெனக் கெட்டிக்கார மாணவர் இருவரை மட்டும் பொறுக்கியெடுத்துப் பயிற்றுவோரும் ஒரே பிழையைத்தான் செய்கின்றனர். இரு சாராரும் பெரும்பாலான பிள்ளைகளை வாயிலுக்கு வெளியே நிறுத்திவிடுகின்றனர்.

போட்டியின் இயல்பை அறியாமையே இதற்குக் காரணம். அமெரிக்காவில் 1992இல் தொடங்கிய ‘ஃபர்ஸ்ட்’ ரோபோப் போட்டியை நோக்குக. அங்கு மூன்று குழுக்கள் ஓரணியாகவும், வேறு மூன்று எதிரணியாகவும் களம் இறங்குகின்றன. தகுதிச் சுற்றில் அணிகள் மாறிக்கொண்டே இருக்கும். இந்த ஆட்டத்தின் எதிரி அடுத்த ஆட்டத்தில் துணைவன் ஆகலாம். அவனது பழுதுற்ற சக்கரத்தைச் சீராக்க உதவுவதும் வெற்றிக்கு வழியே.

ரோபோ தனியொருவனின் படைப்பன்று. சட்டம் பூட்டவும், உணரி பொருத்தவும், நிரல் எழுதவும், பிழையைக் குறித்துவைக்கவும் பல கைகள் வேண்டும். தேர்வில் பிந்தியவனின் கை திருகாணியில் முந்தக்கூடும். அக்கையைக் கட்டிவைத்து, ஆசிரியரே முடித்துக்கொடுத்த எந்திரத்தால் பெறும் கோப்பை யாருக்குப் பெருமை?

ஆசிரியப் பெருமக்களே! ஜெராம் முதல் கோலசிலாங்கூர் வரை, மாணவர் குறைந்த பள்ளிகள் இணைந்து ஒரே குழு அமைக்கட்டும். ஒவ்வொரு பிள்ளையின் விரலும் எந்திரத்தைத் தொடட்டும். கோப்பை பின்னர் வரட்டும், வாராவிடினும் இழப்பில்லை.