ஜேர்மன் எழுத்துக்களும் எங்கள் பெயர்களும்



எங்களில் அநேகர் ஊரில் ஆங்கில அரிச்சுவடி படித்தவர்கள். அதனால் டொச் எழுத்தைக் கண்டதும் ‘இது தெரிந்ததுதானே’ என்று நினைத்துவிடுகிறோம். அந்த 26 எழுத்தும் உண்மையில் அதேதான். மேலே இரண்டு புள்ளி வைத்த மூன்றும் ‘எஸ்செட்’ என்ற ஒன்றும் சேர்த்தால் 30. உருவம் ஒன்று, பெயர்தான் வேறு. கரைச்சல் அங்கேதான்.

முதல் எழுத்தை நாங்கள் ‘ஏ’ என்று படித்தோம். இங்கே அது ‘ஆ’. டொச்சில் ‘ஏ’ என்றால் ஐந்தாவது எழுத்து. நாங்கள் ஐந்தாவதை ‘ஈ’ என்கிறோம். இவர்களுக்கு ‘ஈ’ ஒன்பதாவது. அப்படியென்றால் ஜெயா என்ற பெயரைத் தொலைபேசியில் ஜே, ஈ, வை, ஏ என்று சொன்னால் மறுபக்கத்தில் என்ன எழுதுவார்கள்? ‘வை’ என்ற பெயரில் இங்கே எழுத்தே கிடையாது, அது ‘இப்சிலோன்’. ‘ஜே’ இங்கே ‘யொட்’. பெயர் பிழைத்தால் கணினியில் உங்கள் கோப்பு அகப்படாது. வதிவிட அனுமதி புதுப்பிக்கும் நேரத்தில் இது சின்ன விசயம் இல்லை.

இதற்கு இவர்களே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். எழுத்துக்குப் பதில் ஒரு சொல்லைச் சொல்வது. 1903இல் பெர்லின் தொலைபேசிப் புத்தகத்தில் ஆட்பெயர்களோடு தொடங்கியது. 1934இல் நாசிகள் அதிலிருந்த டாவிட், நாதான் போன்ற பெயர்களை யூதப் பெயர்கள் என்று நீக்கிவிட்டார்கள். எழுத்துப் பட்டியலில்கூட ஒரு இனத்தின் பெயர் இருக்கக் கூடாதென்று நினைத்தார்கள், பாருங்கள். 2022இல் நகரப் பெயர்களோடு புதிய பட்டியல் வந்தது. அதன்படி ஜெயா: யேனா, எஸ்ஸென், இப்சிலோன், ஆஹென். உங்கள் பெயருக்கும் இப்படி ஒன்றை எழுதித் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

இனி உச்சரிப்பு. எங்கள் போர்மன் ஜெகனை ‘யேகன்’ என்றுதான் கூப்பிடுவார். பகிடி இல்லை, அந்த எழுத்துக்கு இங்கே ‘ய’ ஒலிதான். ஆங்கிலத்தைப் போல இல்லாமல் டொச்சைப் பெரும்பாலும் எழுதியபடி வாசிக்கலாம். இடத்தைப் பார்த்து ஒலி மாறுவதும் எங்களுக்குப் புதிதல்ல. கடல், அங்கே, பகல்: ஒரே ‘க’, மூன்று ஒலி. இங்கும் ‘நாள்’ என்பதற்கான சொல்லின் கடைசி எழுத்து ‘அங்கே’யில் வரும் மெல்லிய ‘க’தான், ஆனால் சொல்லின் முடிவில் நிற்பதால் ‘டாக்’ என்று வல்லினமாகிவிடும். ‘பூஹ்’, அதாவது புத்தகம், என்பதன் கடைசி ஒலி ‘பகல்’ நடுவில் வரும் ‘க’வுக்குக் கிட்ட.

குறில் நெடிலில் மட்டும் கவனம். ‘மீட்டெ’ என்றால் வாடகை, ‘மிட்டெ’ என்றால் நடு. எழுத்து இரட்டித்தால் முன்னால் உள்ளது குறில்.

புள்ளிகளையும் அலட்சியம் பண்ணாதீர்கள். ‘ட்ஸாலென்’ பணம் கட்டுவது. புள்ளி வைத்தால் ‘ட்ஸேலென்’, எண்ணுவது. வேலைத்தலத்தில் இரண்டும் வேண்டியவை. புள்ளி வைத்த ‘ஊ’தான் எங்கள் வாய்க்குக் கஷ்டம். ‘ஈ’ சொல்லுங்கள், நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் ‘ஊ’வுக்குக் குவியுங்கள். வந்துவிடும். பிள்ளைகளைக் கேளுங்கள், சிரித்துக்கொண்டே திருத்துவார்கள்.

பிள்ளை பிறக்கப்போகும் வீடுகளுக்கு ஒன்று. டொச்சில் ‘ஜ’ ஒலியை எழுத நாலு எழுத்து வேண்டும். தாதி சரியாகக் கூப்பிட வேண்டுமென்று பெயரை அப்படி நீட்டாதீர்கள். ஸ்டாண்டெஸ்அம்ட் என்ற பதிவு அலுவலகத்தில் பதிந்த எழுத்தைப் பிறகு மாற்றுவது லேசல்ல. பத்திரத்தில் கையெழுத்து வைக்கமுன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக, டொச்சில், வாய்விட்டு வாசித்துப் பாருங்கள்.