எண் பொருந்தினால் இயங்கிவிடுமா?

வலைச்செயலி ஒன்றைச் சர்வரில் ஏற்றுவதற்கு முன் அது அங்கே இயங்குமா என்று பார்க்கும் வேலை, பெரும்பாலான இடங்களில் இரண்டு எண்களை அருகருகே வைத்து ஒப்பிடுவதோடு முடிந்துவிடுகிறது. ஃபிரேம்வொர்க், அதாவது வலைச்செயலிகளை எழுதுவதற்கென ஆயத்தமாகக் கிடைக்கும் நிரல் சட்டகம், தனக்குப் பைத்தான் 3.5 அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்பு வேண்டும் என்று ஆவணத்தில் சொல்கிறது. சர்வரில் இருப்பது 3.6 என்று முனையத்தில் தெரிகிறது. உடனே பொருந்துகிறது என்று பட்டியலில் டிக் அடிக்கப்படுகிறது. பதிப்பு எண் என்பது மென்பொருளின் உள்ளடக்கத்தைச் சொல்லும் அடையாளம் என்றும், ஆகவே எண்கள் பொருந்தினால் மென்பொருள்களும் பொருந்தும் என்றும் கொள்ளும் நம்பிக்கையே இந்தப் பழக்கத்துக்கு அடிப்படை. இந்த நம்பிக்கையைப் ‘போதாதது’ என்று மென்மையாகக் குறை கூறுவோர் உண்டு. அந்த மென்மைக்கு இது தகுதியானதன்று. இயங்காது என்று காட்டுமிடத்தில் இயங்குவதும், இயங்கும் என்று காட்டுமிடத்தில் இயங்காமற்போவதுமாக, இரு திசையிலும் தவறான விடை தரும் சோதனையை அரைகுறைச் சோதனை என்றுகூடச் சொல்வதற்கில்லை.

எண்ணுக்கும் உள்ளடக்கத்துக்கும் இடையிலுள்ள பிளவு 2014 ஏப்ரலில் பலரும் அறிய வெளிப்பட்டது. இணையத் தொடர்பை மறையாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தில் ஹார்ட்பிளீட் என்று பெயர் பெற்ற பாதுகாப்பு ஓட்டை கண்டறியப்பட்டபோது, 1.0.1 முதல் 1.0.1எஃப் வரையிலான பதிப்புகள் பாதிக்கப்பட்டவை என்றும், 1.0.1ஜி திருத்தப்பட்டது என்றும் அந்நூலகத்தை உருவாக்குவோர் அறிவித்தனர். ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 6.5, டெபியன் 7 ஆகிய இரு இயங்குதளங்களிலும் அப்போது இருந்தது 1.0.1இ. இவற்றைப் பராமரிப்போர் ஜி பதிப்புக்கு மாறவில்லை. திருத்தத்தை மட்டும் பிரித்தெடுத்துத் தம்மிடமிருந்த இ பதிப்பிலேயே பொருத்தி, பொதியின் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் வெளியீட்டு எண்ணை மட்டும் மாற்றி வெளியிட்டனர். புதிய பதிப்பில் வந்த திருத்தத்தைப் பழைய பதிப்புக்குள் கொண்டுவந்து சேர்க்கும் இம்முறைக்குத் தொழிலில் பேக்போர்ட்டிங் என்று பெயர். பல ஆண்டுகளுக்கு ஒரே பதிப்பை நிலையாக வைத்திருப்பதாக வாக்களிக்கும் இயங்குதளங்கள் அனைத்தும் இதை நம்பியே நடக்கின்றன. அதன் விளைவாக, ஓட்டை அடைக்கப்பட்ட சர்வரும் அடைக்கப்படாத சர்வரும் நூலகத்தின் பதிப்பைக் கேட்டால் 1.0.1இ என்ற ஒரே விடையைத் தந்தன. பட்டியலும் கையுமாகச் சர்வர்களைச் சுற்றிவந்த ஒருவர், பாதுகாப்பானதைப் பழுதென்று தள்ளியிருப்பார்.

பாதுகாப்புத் திருத்தங்களுக்கு மட்டும் உரியது என்று இதை ஒதுக்கிவிடவும் முடியாது, ஏனெனில் புதிய வசதிகளும் இவ்வாறே பழைய எண்ணுக்குள் வந்து சேர்கின்றன. கன்டெய்னர்களின், அதாவது செயலியை அதன் நூலகங்களோடு அடைத்த பெட்டிகளின், கோப்பு அடுக்குகளை நிர்வகிக்கும் ஓவர்லே2 என்னும் முறைக்கு, இயங்குதளத்தின் கருவான கெர்னல் 4.0 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும் என்று கூறும் டாக்கர் என்னும் கன்டெய்னர் கருவியின் ஆவணம், அதே வரியில் ரெட் ஹாட், சென்ட்ஓஎஸ் ஆகியவற்றுக்கு மட்டும் 3.10.0-514 போதும் என்று விலக்கு அளிக்கிறது. விதியை எழுதியவர்களே தங்கள் எண்ணை முழுதாக நம்பவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான ஒப்புதல் தேவையில்லை.

ஒரே எண் இருவேறு பொருள்களைக் குறிப்பதும் உண்டு. லினக்ஸில் இயங்கும் பெரும்பாலான நிரல்கள், நினைவகம் ஒதுக்குவது, கோப்பைத் திறப்பது போன்ற அடிப்படைப் பணிகளுக்கு ஜிலிப்சி என்னும் நூலகத்தைச் சார்ந்திருக்கின்றன. ஒரு நிரல் எந்த ஜிலிப்சியை எதிர்பார்த்துத் தொகுக்கப்பட்டதோ அதைவிடப் பழைய ஜிலிப்சியில் அது பொதுவாகத் தொடங்கவே மறுக்கும். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களைச் சர்வரில் இயக்கும், 2022 ஏப்ரலில் வெளியான நோட்.ஜேஎஸ் 18இன் அதிகாரபூர்வ லினக்ஸ் தொகுப்புக்கு ஜிலிப்சி 2.28 வேண்டும்; உபுண்டு 18.04இல் இருப்பது 2.27, சென்ட்ஓஎஸ் 7இல் இருப்பது 2.17. ஆனால் அதே நோட் 18ஐப் பழைய ஜிலிப்சி 2.17க்கு ஏற்பத் தொகுத்த அதிகாரபூர்வமற்ற வெளியீடும் கிடைக்கிறது. அப்படியிருக்க, ‘சென்ட்ஓஎஸ் 7இல் நோட் 18 இயங்குமா?’ என்ற கேள்விக்கு விடையே இல்லை. எந்த நோட் 18 என்று கேட்காதவரை அது கேள்வியாகவே ஆவதில்லை.

ஃபிரேம்வொர்க்கின் நிபந்தனைப் பட்டியலில் முதல் வரி பொருந்தியவுடன் நின்றுவிடுவது இந்த நம்பிக்கையின் இன்னொரு முகம். 2019 ஏப்ரலில் வெளியான ஜாங்கோ 2.2 ஃபிரேம்வொர்க், பைத்தான் 3.5 முதல் இயங்கும். சென்ட்ஓஎஸ் 7இல் பைத்தான் 3.6ஐ எளிதாக நிறுவ முடிந்தது. எனவே இவ்விரண்டும் பொருந்தும் என்று எண்கள் கூறின. ஆனால் ஜாங்கோவில் புதிதாகத் தொடங்கும் திட்டம் ஒவ்வொன்றும் இயல்பாகப் பயன்படுத்தும் எஸ்கியூலைட் தரவுத்தளம் பைத்தானுக்குள் அடங்கியதன்று. பைத்தான் அதை இயங்குதளத்திலிருந்து கடன் வாங்குகிறது. ஜாங்கோ கேட்டது எஸ்கியூலைட் 3.8.3, சென்ட்ஓஎஸ் 7இல் இருந்தது 3.7.17. மொழியின் எண் பொருந்தியது. அந்த மொழி நின்றுகொண்டிருந்த தரை பொருந்தவில்லை. இங்கே ஜாங்கோவைக் குறை சொல்ல இடமில்லை, என்ன வேண்டும், என்ன இருக்கிறது என்ற இரண்டையும் பிழைச்செய்தியிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டு அது நின்றது. எல்லா மென்பொருளும் இவ்வளவு நாகரிகமாகத் தோற்பதில்லை.

2017 ஜனவரியில் வெளியான லாரவெல் 5.4 தோற்ற விதத்தில் அந்த நாகரிகம் இல்லை. பிஎச்பி மொழியில் எழுதப்பட்ட இந்த ஃபிரேம்வொர்க்கின் சர்வர் நிபந்தனைகளில் பிஎச்பியின் பதிப்பும் அதன் சில நீட்சிகளும் மட்டுமே இருந்தன. ஆனால் இப்பதிப்பு, மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் எழுத்துகளைச் சேமிக்கும் இயல்பு முறையை, ஒரு குறிக்கு நான்கு பைட் வரை ஒதுக்கும் முறைக்கு மாற்றியிருந்தது. எமோஜிகளைச் சேமிக்க அது தேவைப்பட்டது. (தமிழின் வழக்கமான எழுத்துகள் மூன்று பைட்டில் அடங்கிவிடும்; 2019இல் யூனிகோடு 12இல் சேர்ந்த பழந்தமிழ்ப் பின்னக் குறிகள் போன்றவற்றுக்கே நான்கு வேண்டும்.) 5.7.7க்கு முற்பட்ட மைஎஸ்கியூஎல்லிலோ, சுட்டெண், அதாவது தேடலை விரைவாக்கும் அகரவரிசை போன்ற அமைப்பு, ஒரு நெடுவரிசைக்கு 767 பைட்டைத் தாண்டக் கூடாது. 255 குறிகளைக் கொண்ட நெடுவரிசை பழைய கணக்கில் 765 பைட். புதிய கணக்கில் 1020. அட்டவணையை உருவாக்கும் முதல் கட்டளையிலேயே, சாவி மிக நீளமானது என்ற பிழை வந்தது. அதற்குத் தீர்வாக நெடுவரிசையின் நீளத்தை 191 என்று அமைக்கும் ஒற்றை வரி எங்கும் பரவி, அந்த 191 எங்கிருந்து வந்தது என்று தெரியாமலே எண்ணற்ற திட்டங்களில் ஒட்டப்பட்டது. நான்கால் பெருக்கினால் 764. அவ்வளவுதான் அதன் மர்மம். தரவுத்தளத்தின் வயதால் வந்த சிக்கலுக்கு, காரணம் அறியப்படாமலே, செயலியின் தரவு வடிவம் குறுக்கப்பட்டது.

இவற்றினும் கொடியது ஓசையில்லாத தோல்வி. 2022 நவம்பரில் வெளியான ஸ்பிரிங் பூட் 3 ஃபிரேம்வொர்க்குக்கு ஜாவா 17 வேண்டும். டாம்கேட் 9 என்னும் சர்வர் ஜாவா 17இல் தடையின்றி இயங்கும். ஆனால் ஜாவாவின் நிறுவனத் தொழில்நுட்பங்கள் ஆரக்கிளிடமிருந்து எக்லிப்ஸ் அறக்கட்டளைக்குக் கைமாறிய பிறகு, ‘ஜாவாஎக்ஸ்’ என்று தொடங்கிய நிரல் பெயர்கள் ‘ஜகார்த்தா’ என்று தொடங்கும்படி மாற்றப்பட்டன. டாம்கேட் 9 பழைய பெயர்களையும் டாம்கேட் 10 புதிய பெயர்களையும் அறியும். ஸ்பிரிங் பூட் 3 செயலியை டாம்கேட் 9இல் ஏற்றினால், தொடக்க வாசலைப் பழைய பெயரில் தேடும் சர்வர் அதைக் காணாமல், பிழை எதையும் அறிவிக்காமல், ஏற்றம் முடிந்தது என்றே பதிவு செய்துவிடும். பயனருக்குக் கிடைப்பதோ பக்கம் இல்லை என்னும் 404.

எண்ணை யாரிடம் கேட்பது என்பதும் தனிச் சிக்கல். முனையத்தில் பிஎச்பியின் பதிப்பைக் கேட்டால் விடை தருவது முனையத்துக்கான பிஎச்பி. வலைக் கோரிக்கைகளுக்கு விடையளிப்பது எஃப்பிஎம் என்னும் வேறொரு செயல்முறை, ஒரே கணினியில் அது வேறு பதிப்பாக இருப்பது சாதாரணம். அப்பாச்சி சர்வருக்குள் பைத்தானை இயக்கும் மாட்-விஸ்கியும் எந்தப் பைத்தானுக்கெனத் தொகுக்கப்பட்டதோ அதையே பயன்படுத்தும். நிர்வாகி தன் மெய்நிகர்ச் சூழலில் எந்தப் பைத்தானை வைத்திருந்தாலும் அதற்கு அக்கறையில்லை.

‘அல்லது அதற்கு மேல்’ என்ற சொற்றொடர் இன்னும் துணிச்சலானது, ஏனெனில் அது எழுதப்படும்போது பிறந்திராத பதிப்புகளுக்கும் சேர்த்து வாக்களிக்கிறது. ஜாங்கோவோடு பின்னணிப் பணிகளுக்காகப் பரவலாக இணைக்கப்படும் செலரி, தன் உள்ளமைப்பில் ஒரு தொகுதிக்கு ‘அசிங்க்’ என்று பெயரிட்டிருந்தது. 2018இல் வெளிவந்த பைத்தான் 3.7 அச்சொல்லைத் தன் ஒதுக்கப்பட்ட சொல்லாக்கியதும், அப்போதிருந்த செலரி இலக்கணப் பிழையாகிவிட்டது. அதைச் சரிசெய்து 3.7ஐ ஆதரிக்க செலரி 4.3 வர வேண்டியிருந்தது.

இவ்வளவுக்கும் விடையாக இன்று கன்டெய்னரைக் காட்டுவோர் பலர்: செயலியையும் அதன் நூலகங்களையும் ஒரே பெட்டியில் அடைத்துவிட்டால் இயங்குதளத்தைப் பற்றிய கவலையே ஒழிந்தது என்பது அவர்கள் வாதம். நூலகங்களைப் பொறுத்தவரை இதில் உண்மை நிறைய இருக்கிறது. மேலே கண்ட எஸ்கியூலைட் சிக்கல் கன்டெய்னருக்குள் எழாது. ஆனால் கன்டெய்னருக்குள் கெர்னல் இல்லை. வெளியே உள்ள சர்வரின் கெர்னலையே அது பகிர்ந்துகொள்கிறது, அதுவும் எந்தெந்தக் கெர்னல் அழைப்புகளை அனுமதிப்பது என்று தீர்மானிக்கும் டாக்கரின் வடிகட்டி வழியாக. 2021இல் வந்த ஜிலிப்சி 2.34, புதிய இழைகளை உருவாக்க ‘குளோன்3’ என்னும் புதிய அழைப்பைப் பயன்படுத்தத் தொடங்கியது. ‘இந்த அழைப்பு இங்கே இல்லை’ என்று விடை வந்தால் அது பழைய அழைப்புக்குத் திரும்பிவிடும். 20.10.10க்கு முற்பட்ட டாக்கரின் வடிகட்டியோ, தான் அறியாத அந்த அழைப்புக்கு ‘அனுமதி இல்லை’ என்று விடையளித்தது. ஜிலிப்சி திரும்பவில்லை, உபுண்டு 22.04 படிமத்தில் கட்டப்பட்ட கன்டெய்னர்கள் பழைய டாக்கரில் இழை ஒன்றைக்கூட உருவாக்க முடியாமல் விழுந்தன. பெட்டிக்குள் இருந்தவை அனைத்தும் ஒன்றோடொன்று பொருந்தியே இருந்தன.

எண்களுக்குப் பயனே இல்லை என்பது இவற்றின் முடிபன்று. ஜாங்கோ 5.0க்குப் பைத்தான் 3.10 வேண்டும் என்றால், 3.8 மட்டுமே உள்ள சர்வரில் அதை முயன்று பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. மொழியைப் பொறுத்தவரை, விலக்குவதற்கு எண் நல்ல கருவி. ஏற்பதற்கு அது கருவியன்று, ஏற்பதற்குச் செயலியை அதே படிமத்தில், அதே செயல்முறையின் வழியாக, அதே தரவுத்தளத்தோடு ஓட்டிப் பார்க்க வேண்டும். எல்லாச் சேர்க்கைகளையும் யாரால் சோதிக்க முடியும் என்பார்கள். எல்லாச் சேர்க்கைகளும் யாருக்கும் தேவையில்லை; ஒரு நிறுவனம் ஓட்டுவது ஒன்றோ இரண்டோ சேர்க்கைகளைத்தான், அவற்றைச் சோதிக்க ஒரு சோதனைச் சர்வர் போதும். பைத்தான் பொதிகளை உருவாக்குவோர் தங்கள் அளவில் இதற்கு ஏற்ப மாறியும்விட்டனர்: லினக்ஸுக்கான முன்தொகுத்த பொதிகளுக்கு முன்பு மெனிலினக்ஸ்2010, மெனிலினக்ஸ்2014 என்று ஆண்டைப் பெயராக வைத்தவர்கள், இப்போது அந்த இடத்தில் பொதி எதிர்பார்க்கும் ஜிலிப்சியையே நேராக எழுதி 2_17, 2_28 என்று குறிக்கின்றனர், ஜிலிப்சியே இல்லாமல் மசல் என்னும் வேறு நூலகத்தில் இயங்கும் அல்பைன் லினக்ஸுக்கு முற்றிலும் தனியான பெயரையும் ஏற்படுத்தியிருக்கின்றனர்.