வாணம் பொதுவாம், கரை யாருது?

தலித்துகள் வாணவேடிக்கை பார்ப்பதற்கும் ஒரு கட்டுரையா என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். கூலி இருக்கிறது, நிலம் இருக்கிறது, கொலைகள் இருக்கின்றன. குளத்தங்கரையில் நின்று அண்ணாந்து பார்ப்பதுதான் இப்போது பிரச்சினையா என்பார்கள். ஆமாம், அதுவும் பிரச்சினைதான். ஏன் என்று சொல்கிறேன்.

தென்காசி வட்டாரத்துக் குளங்கள் பலவற்றுக்குக் குற்றால மலைத் தண்ணீர்தான் ஆதாரம். அருவியாக விழுந்து, சிற்றாறாக ஓடி, அணைக்கட்டுகளில் திரும்பி, கால்வாய் வழியே ஊர்க் குளத்துக்கு வந்து சேர்கிறது. சீசன் நேரத்தில் குற்றாலம் மெயின் அருவியில் போய்ப் பாருங்கள். உடம்போடு உடம்பு உரச எல்லாச் சாதிக்காரனும் நிற்கிறான். மேல இருந்து விழுற தண்ணி யாருகிட்டயும் சாதிச் சான்றிதழ் கேக்குறதில்ல. அதே தண்ணி நாலு மைல் இறங்கி வந்து குளத்துல தேங்கினதும், கரைக்குச் சாதி வந்துருது.

எங்கள் ஊரும் அப்படிப்பட்ட ஒரு குளத்தை நம்பிய ஊர்தான். கோயில் கொடையின் கடைசி ராத்திரி மேலக்கரையில் வாணம் விடுவார்கள். கோயில், பந்தல், கடைகண்ணி எல்லாம் மேலக்கரையில். எங்கள் சனம் நிற்க வேண்டிய இடம் மறுகால் பக்கம், கருவேல முள்ளுக்குள். யாரும் போர்டு எழுதி வைக்கவில்லை. எங்க ஆச்சி வாயால்தான் அந்தச் சட்டம் எங்களுக்கு வந்து சேர்ந்தது. "ஏ புள்ளைகளா, மறுகாலைத் தாண்டிப் போயிராதிய. இங்கன இருந்து பாத்தாலும் அதே வாணந்தான்." அடிபடாமல் பேரன் பேத்திகளை வீட்டுக்குக் கூட்டிப்போகத் தெரிந்தவள் பேசிய பேச்சு அது. குளத்துத் தண்ணியில சிவப்பும் பச்சையுமா வெளிச்சம் சிதறும்போது நாங்களும் கூச்சல் போட்டிருக்கோம். சந்தோசமாத்தான் இருந்துச்சு. அந்தச் சந்தோசத்துக்கும் எல்லைக்கல் நட்டு வச்சிருந்தாங்க.

கொடைக்கு எங்கள் தெருவில் வரி வாங்க மாட்டார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இது சலுகை போலத் தெரியும். வரி கொடுத்தவனுக்குத்தான் ஊர்க்கூட்டத்தில் வாய். அதனால்தான் எங்கள் துட்டு அவர்களுக்குச் சுட்டது. ஒரு வருசம் எங்க அய்யா பணத்தை எடுத்துக்கிட்டுப் போனார். "ஒன் துட்டு எதுக்குடா? கொட்டடிக்க ஆள் அனுப்பு, போதும்" என்று திருப்பி அனுப்பினார்கள். உழைப்பு வேணும், பங்கு கிடையாது. சாதியின் கணக்கு முழுக்க இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

வாணம் பார்க்கிற அதே மேலக்கரையில்தான் மீன்பாசி ஏலம் பேசி முடிக்கிறார்கள். கரை மரங்களை யார் வெட்டுவது, எந்த மடையை எப்போது திறப்பது என்பதும் அங்கேதான் முடிவாகிறது. வெள்ளக் காலத்தில் உயிரைப் பிடித்துக்கொண்டு முங்கி மடையைத் திறந்தவர் எங்க தாத்தா. அந்தக் குளத்து மீனில் அவருக்குப் பாத்தியதை இல்லை. திருவிழா ராத்திரியில் கரையில் நிற்க முடியாதவனால் ஏலத்தன்று மட்டும் அங்கே போய் எப்படி நிற்க முடியும்? கூலியும் நிலமும் வேறு, வேடிக்கை வேறு என்று பிரித்துப் பேசும் தோழர்களே, இப்போது சொல்லுங்கள்.

வாணம் எங்கிருந்து வருகிறது? இந்தியாவில் வெடிக்கும் பட்டாசில் பெரும்பகுதி சிவகாசி வட்டாரத்தில் செய்யப்படுகிறது. மருந்து கலக்குகிற, குழாயில் அடைக்கிற, திரி சொருகுகிற கைகளில் நம்ம சனங்களின் கைகள் ஏராளம். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடித்ததில் முப்பத்தைந்து பேருக்கு மேல் செத்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலைத் தொழிலாளிகள்கூட இல்லை. புகையைப் பார்த்துவிட்டு, காப்பாற்ற ஓடிவந்த பக்கத்து ஊர்க்காரர்கள். பட்டாசைத் தொட்டுச் செய்த கைக்குத் தீட்டு இல்லை, அது வெடிப்பதைப் பார்க்கிற கண்ணுக்குத்தான் தீட்டு என்றால், இது என்ன ஆச்சாரம்?

சட்டம் பேசலாம் என்கிறீர்களா? பேசுவோம். பொதுத் தெரு, கிணறு, குளம் எதிலும் தாழ்த்தப்பட்டோரைத் தடுக்கக் கூடாது என்று இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் சென்னைச் சட்டசபையில் நிறைவேறியது 1924இல். அண்ணல் அம்பேத்கர் மகாடு சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தது 1927 மார்ச் 20இல். 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு குளத்தையும் குளிக்கும் துறையையும் மட்டும் சொல்லவில்லை; கடையையும் பொதுக் கேளிக்கை இடங்களையும் சேர்த்தே சொல்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம், இவற்றில் தடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக எழுதியே வைத்திருக்கிறது.

இவ்வளவுக்கும் பிறகு 2022 செப்டம்பரில், இதே தென்காசி மாவட்டத்தில், சங்கரன்கோவில் பக்கத்துப் பாஞ்சாகுளத்தில், மிட்டாய் வாங்க வந்த தலித் பிள்ளைகளிடம் ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்லிக் கடைக்காரர் திருப்பி அனுப்பினார். அதை வீடியோ எடுத்துப் பரப்புகிற அளவுக்குத் தைரியம் இருந்தது. மிட்டாயும் வாணமும் சின்ன விசயங்கள்தாம். பிள்ளைகளுக்குச் சாதியைச் சொல்லிக் கொடுக்கச் சின்ன விசயங்களைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

நாம் கரைக்கு வருவோம் என்றால் உடனே தாலுகா ஆபீசில் அமைதிக் கூட்டம். "ரெண்டு தரப்பும் விட்டுக் கொடுங்க" என்பார்கள். நூறு வருசமா மறுகால் முள்ளுல நின்னவன் இன்னும் எதை விட்டுக் கொடுக்கணும்? முடிவில் சட்டம் ஒழுங்கைக் காட்டித் திருவிழாவையே நிறுத்துவார்கள். பழி நம் தலையில் விழும். இல்லையென்றால், "உங்க தெருவுல தனியா வெடிச்சுக்கோங்க" என்று புத்தி சொல்வார்கள். தனிக் கிணறு, தனிச் சுடுகாடு கொடுத்தவர்கள் இப்போது தனி வானமும் தருகிறார்களாம்!

தனியாகவே போனாலும் விட்டார்களா? 1981 பிப்ரவரியில் மீனாட்சிபுரத்தில் நம் சனங்கள் குடும்பம் குடும்பமாக இஸ்லாத்துக்குப் போனபோது தேசமே பதறியது. அரபுப் பணமா என்று துருவினார்கள். அதுவரை ஊர் அவர்களை எங்கே நிறுத்தி வைத்திருந்தது என்று கேட்டவர்கள் எத்தனை பேர்?

நாங்கள் கேட்பது ஒரு ராத்திரி வேடிக்கைக்கு அனுமதி இல்லை. ஊர்வரிப் புத்தகத்தில் எங்கள் பெயர் ஏறணும். மீன்பாசி ஏலத்தில் எங்கள் குரல் கேட்கணும். கொட்டடிக்க வரமாட்டோம், வந்தால் பார்வையாளராக, பிள்ளைகுட்டியோடு மேலக்கரைக்கு வருவோம். மாணவத் தோழர்களே, விடுமுறையில் ஊருக்குப் போகும்போது திருவிழா ராத்திரியில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று ஒரு தாளில் படம் போடுங்கள். ஊர், தேதி, தடுத்தவர் பெயர் எழுதுங்கள். சட்டப் பிரிவைக் குறிப்பிட்டுப் போலீசில் மனுக் கொடுங்கள், ரசீது வாங்குங்கள். அடுத்த கொடைக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் மனுக்கள் போய்ச் சேரட்டும்.